கேள்விக்கு முன் வரும் பதில்

…இல்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை, அதுதான் தொல்லையே, தொண்டை கரகரக்கவில்லை, வயிறு சமர்த்தாக இருக்கிறது, நெற்றியில் கை வைத்தால் குழாய்த் தண்ணீரைவிடக் குளிர்ச்சி, இந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படிப் பொய் சொல்வது. ஆறரை மணிக்குள் அலுவலகத்துக்குப் போன் செய்து முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காத்திருப்பில் இருக்கிற வேறு கோ-பைலட் யாரையாவது எழுப்பிக் கூப்பிட்டுக்கொள்வார்கள், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள், இன்றைய ரோஸ்டரில் என் பெயருக்குப் பக்கத்தில் எந்தக் கேப்டன் பெயர் இருக்கிறது என்று பார்த்தாலே புரிந்துவிடும். அந்த மனிதரோடு பறக்க வேண்டிய நாளில் எங்கள் கம்பெனியில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வரும். ஒருவன் ஒரே வருஷத்தில் நான்கு தடவை பல் பிடுங்கிக்கொண்டான், சிரித்தால் முப்பத்திரண்டும் வரிசையாக இருக்கிறது. இப்போது மணி ஆறு பத்து. பல் துலக்கியாகிவிட்டது, தலை முடிந்தாகிவிட்டது, தோளில் மூன்று பட்டை உட்கார்ந்தாகிவிட்டது, போன் மட்டும் தொட்டியின் விளிம்பில் கிடக்கிறது, எடு எடு என்கிறது… எடுக்க மாட்டேன். ஒரு தடவை ஓடினது போதும்.

கணவன் குளியலறைக் கதவில் சாய்ந்து நிற்கிறான், கையில் திருத்தாத விடைத்தாள் கட்டு, கணக்கு வாத்தியாருக்குப் பொழுது விடிந்தாலே சிவப்புப் பேனாதான். “போன் பண்ணிடேன், ஒரு நாள்தானே” என்கிறான். நான் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். “அடுத்த மாசம் கேப்டன் தேர்வு. மூணு பேர் கையெழுத்துப் போடணும், அதுல ஒருத்தர் இந்த ஆளு. இன்னிக்கு முறைச்சுக்கிட்டா என்ன ஆகும்னு கணக்குப் போட வாத்தியார் வேணுமா?” அவன் சொல்வது தப்பில்லை, தப்பில்லாததைச் சொல்கிறபோதுதான் அவன்மேல் எனக்குக் கோபம் வருகிறது. பதினோரு வருஷமாக வலது பக்க இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன், இந்தத் தேர்வு போனால் அடுத்தது இரண்டு வருஷம் கழித்து, அப்போதும் இதே மூன்று பேர்தான் இருப்பார்கள். “வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதைதான் இது” என்கிறான் கடைசியாக. அது சரிதான், ஓணானை எடுத்தது நானேதான், ரோஸ்டர் போடுகிறவர் தவறிப் போடவில்லை, விதி விளையாடவில்லை, நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். “குத்தினா குத்தட்டும்” என்று சொல்லி அவனைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன், செருப்புக்கும் பூட்ஸுக்கும் நடுவே ஒரு நிமிஷம் எதைத் தேடுகிறேன் என்றே தெரியாமல் நின்றேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது, எந்த விதிப்புத்தகத்திலும் கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பைலட்டும் இரண்டு பெயர் எழுதிக் கொடுக்கலாம், இவர்களோடு என்னைச் சேர்த்துப் போடாதீர்கள் என்று. காரணம் சொல்ல வேண்டியதில்லை. ரோஸ்டர் போடுகிற அண்ணன் அதை வாங்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிக்கொள்வார், நாங்கள் அதை வேண்டாச்சீட்டு என்போம். நல்ல ஏற்பாடுதான், ஐந்தடி அகல அறைக்குள் ஒருவர் மூச்சை ஒருவர் விட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார வேண்டிய தொழிலில் பிடிக்காத முகங்களைப் பிரித்து வைப்பது எல்லாருக்கும் நல்லது, பூனைக்கு மணி கட்டாமலே எலிகள் பிழைத்துக்கொள்ளலாம். எட்டு மாதத்துக்கு முன் என் சீட்டில் ஒரே ஒரு பெயர் எழுதினேன். இரண்டாவது இடத்தைக் காலியாக விட்டேன், அவ்வளவு பெரிய இடம் அவருக்கே போதாது என்று தோன்றியது. போன மாதம் நானே போய் அந்தப் பெயரை அடித்தேன். ரோஸ்டர் அண்ணன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு என்னைப் பார்த்தார். “நல்லா யோசிச்சீங்களாம்மா? அடுத்த ரோஸ்டர்லயே போட்டுடுவேன், எனக்கு ஆள் பஞ்சம்” என்றார். யோசித்துவிட்டேன் என்றேன், உண்மையில் யோசித்தால் வந்திருக்க மாட்டேன்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மாமியார். முறுக்கு மீசையும் அரைக்கால் வழுக்கையுமாக ஆறடி மனிதர், ஆனாலும் மாமியார்தான், மாமியார் உடைத்தால் மண்குடம் மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, அந்தக் கணக்கில். கோ-பைலட் பேனாவைக் கீழே போட்டால் அரைமணி நேரம் பாடம் நடத்துவார், அவரே பெரிதாக ஒன்றைப் போட்டு உடைத்தால் காற்று அடித்தது என்பார். ஓட்டத் தெரியாதவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும், அவர் இறக்கினால் தூங்குகிற பயணி விழிக்க மாட்டார், குறுக்குக் காற்றில் அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவருடைய வியாதி வேறு. கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவார். யார் எது கேட்டாலும் பாதியில் மறித்து, தெரியும், ஆச்சு, செட், அதாவது சரியாக வைத்தாயிற்று. கடையில் என்றால் போகட்டும், சாப்பாட்டு மேஜையில் என்றால் போகட்டும்… செக்லிஸ்ட் அப்படி இல்லையே. ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் கண்ணால் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும், பார்ப்பதற்காகத்தான் கேள்வியே. இவரோ நான் முதல் வரியில் இருக்கும்போதே மூன்றாவது வரிக்குப் பதில் சொல்லிவிடுவார், முகம் ஜன்னல் பக்கம் இருக்கும்.

அந்த நாளை நினைக்க வேண்டாம் என்றுதான் பார்க்கிறேன், வண்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு விமான நிலையத்தை நோக்கிப் போகிறது, வெளியே பால் வண்டி, பள்ளிக்கூடப் பைகள், சிக்னலில் ஹெல்மெட்டுக்குள் கொட்டாவி விடுகிற ஒருவர், எல்லாம் வழக்கம்போல இருக்கும்போது அந்த நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அன்று அவரும் நானும் ஓடுபாதைக்கு ஊர்ந்துகொண்டிருந்தோம். ஃபிளாப்ஸ் போடு என்றார். இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்குகிற பலகைகள் அவை, அவை இறங்கியிருந்தால்தான் கனத்த விமானம் தரையை விட்டு எழும். லீவர் என் இடது கைக்குப் பக்கத்தில்தான். அந்த நொடியில் ரேடியோ கூப்பிட்டது, நான் ரேடியோவுக்குத் திரும்பினேன், பேசி முடித்தேன், செக்லிஸ்டை எடுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் “ஃபிளாப்ஸ் செட், ட்ரிம் செட், எல்லாம் செட்” என்றார். சரி என்று மூடிவிட்டேன். என்ஜினை முடுக்கினார், எச்சரிக்கை ஒலி அலறியது, லீவர் பூஜ்யத்திலேயே இருந்தது. உடனே நிறுத்திவிட்டார், வேகம் பிடிக்கவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, நூற்று அறுபது பேருக்கு ஒரு சின்னக் குலுக்கல். பிறகு அவர் எழுதின அறிக்கையில் எச்சரிக்கைக் கருவி தானாக ஒலித்தது என்று இருந்தது. இல்லாத கோளாறை இரண்டு நாள் தேடினார்கள் என்ஜினியர்கள், ஒயர் ஒயராகக் கழற்றி. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசவில்லை. பேசாமல் போய் வேண்டாச்சீட்டில் பெயரை எழுதினேன், ஏதோ பெரிய எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்ட மாதிரி அன்று நன்றாகத் தூங்கினேன் வேறு, வெட்கமாக இருக்கிறது சொல்ல.

போன மாதம் பயிற்சி அறையில், வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதமான ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள், மாதிரி விமானத்தில் நான் கேட்க அவள் பதில் சொல்ல வேண்டும். நான் முதல் வரியை ஆரம்பிப்பதற்குள் ஐந்து வரிக்கும் சேர்த்துப் பதில் சொன்னாள், முகம் ஜன்னல் பக்கம். அப்படியே அவர். மீசை மட்டும் இல்லை. ஏன் இப்படி என்றேன். “இதுதானே அக்கா பழக்கம்? சீனியர்னா முதல்லயே சொல்லிடணும், இல்லைன்னா தடுமாறறோம்னு நினைப்பாங்க” என்றாள், கள்ளம் கபடம் இல்லாமல். யாரோடு அதிகம் பறக்கிறாய் என்று கேட்க வேண்டியதே இல்லை. நாங்கள் விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் அவர் பெயரை எழுதி எழுதி ஒதுங்கிக்கொண்டோம், வேண்டாச்சீட்டு எழுதத் தைரியம் இல்லாத புதியவர்கள் அத்தனை பேரும் அவர் பக்கத்து இருக்கைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நான் ஓடினேன், என் இடத்தில் இவள் உட்கார்ந்தாள். அன்று சாயங்காலமே பெயரை அடித்தேன். அதனால் இன்று, அவர் சகவாசமே வேண்டாம் என்று போன் அலறினாலும், நான் போகிறேன். கேட்கிறேன். பதில் வரும்வரை கேட்கிறேன். அவர் கையெழுத்துப் போட்டால் போடட்டும், போடாவிட்டால் அந்தப் பேனாவை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

விமானி அறையில் அவர் முன்னமே வந்து உட்கார்ந்திருக்கிறார், சொந்தமாக ஒரு மெத்தை கொண்டுவருவார் இடுப்புக்கு, அதைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருக்கிறார். வணக்கம் சொல்ல வாயெடுத்தேன், “வணக்கம் வணக்கம், எரிபொருள் பார்த்தாச்சு, வானிலை பார்த்தாச்சு” என்கிறார். பயணிகள் பகுதிக்குத் தலைவியான பெரியக்கா இரண்டு காபியை நீட்டிவிட்டு என் காதருகில் குனிந்தார். “உங்க ரெண்டு பேர் நடுவுல காபி மட்டும்தான் வரும், நான் வரமாட்டேன்மா” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். இவருக்கு எல்லாம் தெரிகிறது, எல்லாருக்கும் எல்லாம் தெரிகிறது, ஊரே தெரிந்து வைத்துக்கொண்டு ஒருவரும் பேசுவதில்லை. முதல் பயணம் அவர் ஓட்டுகிறார், திரும்பும்போது நான். ஊர்ந்து போகிறோம், ஃபிளாப்ஸ் என்றார், போட்டேன், இந்தத் தடவை லீவரைப் போட்டுவிட்டு மீட்டரில் ஐந்து என்று வரும்வரை பார்த்துக்கொண்டேயிருந்தேன். செக்லிஸ்டை எடுத்தேன். “செட், செட், எல்லாம் செட்” என்கிறார். விரலை முதல் வரியில் வைத்தேன். “ஃபிளாப்ஸ்?” என்றேன்.

“காது கேக்கலையா? செட்னு சொன்னேனே.” கேட்டது சார், ஆனால் நான் கேட்பதற்கு முன்னால் சொன்னீர்கள், இப்போதுதான் கேட்கிறேன் என்றேன், குரல் என்னுடையதாகத்தான் இருந்தது, கொஞ்சம் உயரத்தில். பின்னால் இன்னொரு விமானம் வந்து நிற்கிறது, கட்டுப்பாட்டுக் கோபுரம் தயாரா என்று கேட்கிறது, நான் இன்னும் ஒரு நிமிஷம் என்று பதில் சொன்னேன். ஒரு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அப்போது தெரிந்தது. அவர் கழுத்தில் ஒரு நரம்பு எழும்பி அடங்கியது. கத்துவார் என்று நினைத்தேன், கத்தினால் என்ன சொல்வது என்று நேற்றே ஐந்து வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன், ஒன்றுக்கும் வேலை வரவில்லை. மெல்லத் தலையைத் திருப்பி, குழந்தைக்குக் காட்டுகிற மாதிரி மீட்டரை விரலால் தொட்டு, “அஞ்சு. செட்” என்றார். அடுத்த வரி. அதற்கும் தொட்டுக் காட்டினார், அடுத்ததற்கும், ஒவ்வொன்றிலும் கேலி சொட்டச் சொட்ட. சொட்டட்டும். பார்த்தார் இல்லையா, கேலிக்காகப் பார்த்தாலும் பார்த்ததுதான். விமானம் எழும்பியபோது எனக்குள்ளும் ஏதோ எழும்பியது, எட்டு மாதமாகக் குனிந்து நடந்தவளுக்கு முதுகு நிமிர்ந்த மாதிரி.

மேலே போனபிறகு வேலை குறைவு. அவர் குறுக்கெழுத்துப் புதிரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், குறிப்பை முழுக்கப் படிக்கும் முன்பே கட்டத்தை நிரப்பிவிட்டு ரப்பரால் அழிப்பார், அழித்து அழித்துத் தாள் மயிர் எழும்பியிருந்தது. அழித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், “என் பேரை எடுத்துட்டீங்களாம்” என்றார். ரோஸ்டர் அண்ணன் மேஜைக்குப் பூட்டு மட்டும்தான் இருக்கிறது போலிருக்கிறது, வாய்க்கு இல்லை. ஆமாம் சார் என்றேன். “பதினேழு பேர் எழுதியிருந்தாங்க. இப்போ பதினாறு.” அந்த எண்ணைச் சொன்ன விதம்… அவர் எண்ணி வைத்திருக்கிறார், ஒவ்வொரு ஆறு மாதமும் எண்ணியிருக்கிறார். எனக்குப் பாவமாக இருந்தது, பாவமாக இருந்ததே என்று எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது, இரக்கப்பட்டுத்தானே இத்தனை பேர் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டோம், இல்லை, அதுகூட இல்லை, பயம், அதற்கு இரக்கம் என்று மேல்சட்டை போட்டுக்கொண்டோம். ஏன் எடுத்தீர்கள் என்றார். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் உங்களிடம்தான் வந்து சேருகிறார்கள் சார் என்றேன். “வரட்டுமே. நல்லாத்தானே கத்துக்குவாங்க.” இந்த இடத்தில் ஒரு நல்ல மருமகள் சிரித்திருக்க வேண்டும். “இல்லை சார்” என்றேன். ரப்பர் நின்றது. அடுத்த மாதத்துத் தேர்வு அந்த அறையை விட்டு நடந்து வெளியே போவது என் காதில் விழுந்தது.

போனால் போகட்டும் என்று நினைத்ததும் கை கால் லேசாகிவிட்டது, அதுதான் வேடிக்கை. திரும்பும் பயணம் என்னுடையது. நான் ஓட்டினேன், அவர் செக்லிஸ்ட் படித்தார், ஒவ்வொரு வரியாக, வேண்டுமென்றே சவ்வாக இழுத்துப் படித்தார், நான் ஒவ்வொன்றையும் பார்த்துப் பதில் சொன்னேன், சொல்லும்போது உள்ளே ஒருத்தி கைதட்டிக்கொண்டிருந்தாள். கீழே எங்கள் ஊரில் மழை என்றார்கள், காற்றழுத்தம் குறைந்திருக்கிறது, மேகம் குன்றின் தோள்வரை இறங்கியிருக்கிறது. மேலே பறக்கும்போது உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில் எல்லா விமானத்துக்கும் ஒரே பொது எண், ஆயிரத்துப் பதின்மூன்று, இறங்கும்போது அதை மாற்றி அந்த ஊரின் அன்றைய அழுத்தத்தை வைக்க வேண்டும், அவரவர் பக்கத்து மீட்டரை அவரவர் திருக வேண்டும். இன்றைக்கு எண் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு. ரேடியோவில் சொன்னார்கள், நான் வாய்விட்டுத் திருப்பிச் சொன்னேன், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு. சொல்லிவிட்டு… அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன், பயிற்சி அறைப் பெண்ணிடம், ஒரு நிமிஷம் நிறுத்தி வைத்தேன் தெரியுமா, பின்னால் விமானம் நிற்க நிற்க, அவர் விரலால் தொட்டுக் காட்டினார் தெரியுமா. “ஆல்டிமீட்டர்?” என்றார் அவர். “தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு, செட்” என்றேன், கணீரென்று.

அடுத்த வரி வரவில்லை. மேகம் கண்ணாடியில் வந்து அப்பியது. “ஆல்டிமீட்டர்?” என்றார் மறுபடியும். சுருக்கென்றது எனக்கு, பழிவாங்குகிறார், காலையில் நான் செய்ததை வட்டியோடு திருப்பித் தருகிறார், சின்ன புத்தி, செட் என்று சொன்னேனே காது கேட்கவில்லையா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அந்தச் சூட்டிலேயே, நான் சொன்னது சரி என்று அவருக்குக் காட்டுவதற்காகவே திரும்பி என் பக்கத்து மீட்டரைப் பார்த்தேன். ஆயிரத்துப் பதின்மூன்று. அதே பொது எண். நான் திருகவே இல்லை. கை தானாகப் போனது, திருகினேன், என் மீட்டரில் உயரம் கண்ணெதிரே ஏறக்குறைய நானூற்றைம்பது அடி இறங்கியது, அவ்வளவு தூரம் நான் கீழே இருந்தேன், மேலே இருக்கிறேன் என்று நம்பிக்கொண்டு, குன்று இருக்கிற திசையில். “தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு” என்றேன். “செட்.” அடுத்த வரி என்று அவர் படித்தார், அதே சவ்வுக் குரலில், ஒரு இம்மி மாறாமல். நான் இறக்கினேன். நன்றாகத்தான் இறக்கினேன்.

எங்களுக்குக் கொடுத்த நிறுத்தத்தில் வேறு விமானம் இன்னும் கிளம்பவில்லை, வழியிலேயே நிறுத்தி வைத்துக் காத்திருக்கச் சொன்னார்கள். தரையில் ஓட்டுவது அவர் வேலை, பிரேக்கைப் போட்டுவிட்டு மழையைத் துடைக்கிற தண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மாதிரி நேரத்தில் வேறு பேச்சு கூடாது என்பது விதி, விதியெல்லாம் அவருக்குக் குறுக்கே நிற்பதில்லை. “இங்க பாருங்கம்மா” என்றார், அம்மா என்று அவர் யாரையும் சொல்லி நான் கேட்டதில்லை. “நான் கேட்டேன், நீங்க சரிபண்ணிட்டீங்க, முடிஞ்சுபோச்சு. அடுத்த மாசம் உங்க பேப்பர் என் கைக்கு வருது. அதுல இதெல்லாம் இருக்க வேணாம். நமக்குள்ள இருக்கட்டும்.” திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அரைமணி நேரப் பாடம் எடுத்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருப்பேன். இது நிஜமான தயவு. குரலில் கள்ளம் இல்லை. அன்றைக்கு அவர் தன் குடத்துக்குச் செய்துகொண்டதை இன்றைக்கு என் குடத்துக்குச் செய்துதர முன்வருகிறார், வாங்கிக்கொண்டால் கேப்டனுக்குரிய நான்காவது பட்டை, பதினோரு வருஷத்துக்கு ஒரு முடிவு, கணவன் விடைத்தாளைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சிரிப்பான்… ஆசையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் அது பொய். சரி சார் என்பதற்கு இரண்டே சொல்.

“எழுதுவேன் சார்” என்றேன். எதை என்றார். என்னோடதை, மீட்டர் மாற்றாமல் மாற்றிவிட்டேன் என்று சொன்னதை, நீங்கள் இரண்டாம் தடவை கேட்டதால் தெரிந்ததை. அவர் முதல் தடவையாக முழுசாக என் பக்கம் திரும்பினார். “உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க.” ஆமா சார். “யாருக்கும் எதுவும் ஆகலை.” ஆமா சார். துடைப்புத் தண்டு இப்படியும் அப்படியும் போய்வந்தது. பிறகு அவரே, எட்டு மாதமாக இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லாததை, அவரே சொன்னார். “அப்போ… அந்த ஃபிளாப்ஸ்?” காலையில் தேடின நோய் இப்போது வந்துவிட்டது போலிருந்தது. “அதையும்தான் சார். ரேடியோவுக்குத் திரும்பினது நான், லீவரை விட்டது நான். நீங்க கேக்கறதுக்கு முன்னாடி செட்னு சொன்னதையும் எழுதணும். அன்னிக்கே எழுதியிருக்கணும்.” பயமாக இருந்தது, அதை மறைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. நிறுத்தம் காலியாகிவிட்டது, வரலாம் என்றார்கள்.

உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார், என்ஜின்கள் அடங்கின, பின்னால் பெல்ட்டுகள் கழலுகிற சத்தமும் தலைக்குமேல் பெட்டிகள் திறக்கிற சத்தமும் கேட்கின்றன, எல்லாரும் எழுந்துவிட்டார்கள், ஒருவருக்கும் அந்த நானூற்றைம்பது அடி தெரியாது. நான் என் மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று மட்டும் பிடிபடவில்லை. செட் என்று நான் பொய் சொல்லவில்லை. அந்த நொடியில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு எனக்குத் தெரிந்தது, கண்ணால் பார்த்த மாதிரியே இருந்தது, நீதிமன்றத்தில் நிற்க வைத்துக் கேட்டிருந்தாலும் பார்த்தேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அப்படியென்றால் இத்தனை மாதமாக அவரைப் பொய்யர் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு செட் என்கிறவருக்கும் அது அப்படித்தான் இருந்ததா, பார்த்துவிட்ட மாதிரியே? அதனால் அவர் செய்தது சரியாகிவிடாது, ஆகவே ஆகாது, நான் எழுதத்தான் போகிறேன், ஒரு எழுத்தும் குறைக்க மாட்டேன். ஆனால் பொய் என்றால் பிடித்துவிடலாம், திட்டலாம், சீட்டில் பெயரை எழுதி ஒதுக்கலாம், இதை எங்கே போய் ஒதுக்குவது. கடைசிச் செக்லிஸ்டை எடுத்தேன், நிறுத்தியபின் படிப்பது, தரையில் கேட்பது நான், பதில் அவருடையது. நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. பழக்கத்தில் அவர் உதடு அசைந்தது, செ என்கிற எழுத்துக்கு வாய் போனது, நின்றது. “பிரேக்?” என்றேன். அவர் குனிந்து பிரேக் லீவரைப் பார்க்கிறார், பார்த்துக்கொண்டேயிருக்கிறார், கேலியாகவா நிஜமாகவா, என்னைத் தண்டிக்கவா அல்லது பிரேக் போட்டோமா என்று தெரியவில்லை என்பதாலா, பக்கவாட்டிலிருந்து அந்த முகத்தில் எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை, அவர் இன்னும் பதில் சொல்லவில்லை, நான் விரலை அந்த வரியை விட்டு எடுக்கவில்லை.